மாமா கடையில் 7 வருடம்: நான் அங்கே வேலையாளா, கூட்டாளியா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டிப்ளமோ முடித்த கையோடு தாய்மாமனின் ஹார்டுவேர் கடைக்கு வந்தீர்கள். 7 வருடம் ஆகிவிட்டது. மாதச் சம்பளம் என்று எதுவும் பேசவில்லை. கேட்கும்போது செலவுக்குக் கொடுக்கிறார். தீபாவளிக்குத் துணி எடுத்துத் தருகிறார். உங்கள் தங்கை கல்யாணத்துக்கு ஒரு நல்ல தொகை கொடுத்தார். "இது உன் கடைதான் மாப்ள, பின்னாடி பார்த்துக்கலாம்" என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் மகளை உங்களுக்குக் கொடுப்பதாகச் சொந்தத்தில் ஒரு பேச்சும் சிறுவயதிலிருந்தே இருக்கிறது. இப்போது அவர் மகன் பொறியியல் முடித்துவிட்டுக் கடைக்கு வந்து கல்லாவில் உட்காருகிறார். சம்பளம் எவ்வளவு கேட்கலாம், உறவு கெடாமல் எப்படிக் கேட்பது, சட்டப்படி பங்கு உண்டா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: அந்தக் கடையில் நீங்கள் யார்? சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரா, கூட்டாளியா, வரப்போகிற மருமகனா, அக்கா மகன் என்பதால் கைகொடுக்க வந்த சொந்தக்காரரா? ஒவ்வொன்றிலும் பணம் வரும் வழி வேறு, தலையில் ஏறும் பொறுப்பு வேறு, விலகிப் போகும்போது கையில் கிடைப்பது வேறு. இது முடிவாகாமல் "எவ்வளவு கேட்கலாம்" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால் மாமாவிடம் முதலில் கேட்கவேண்டியது தொகையை இல்லை, உங்கள் இடத்தை.

நான் வக்கீல் இல்லை. மதுரைப் பக்கம் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, வரி தாக்கல் செய்து, கூட்டு வியாபாரப் பத்திரம் தயாரிக்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அண்ணன் தம்பி, மாமன் மருமகன், சகலைகள் என்று சொந்தத்துக்குள் நடக்கும் கடைகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. அவற்றில் பாதி, சேரும்போது வருபவை. மீதி, பிரியும்போது வருபவை. பிரியும்போது வருகிறவர்களில் கெட்ட எண்ணத்தோடு ஆரம்பித்தவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் இருவர் மட்டும் இருந்த இடத்துக்கு மூன்றாவதாக ஒருவர் வருகிறார். மகன் படித்து முடித்து வருவான், அல்லது ஒரு கல்யாணம் நடக்கும், அல்லது பெரியவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும். அன்றுவரை வாயால் சொன்னது எல்லோருக்கும் போதுமானதாக இருந்திருக்கும். உங்கள் மாமாவும் "உன் கடைதான்" என்று சொன்னபோது மனதாரத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்போது அவர் மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தார். இன்றைக்கு அதே வார்த்தையை மகனின் முன்னால் சொல்ல அவருக்கு முடியாமல் இருக்கலாம். அதற்காக அவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் அந்த வார்த்தையை நம்பி இன்னும் 3 வருடம் உட்காரவும் வேண்டாம்.

கணக்கு நோட்டில் இது எப்படிக் கிடக்கும் என்று காட்டுகிறேன். ஓர் இரும்புக் கடையில் மாமனும் மருமகனும் பிரிந்தபோது கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பற்று நோட்டுகளை மொத்தமாக என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் "தம்பி செலவு 500", "தம்பி பைக் டயர்", "தம்பி ரீசார்ஜ்", "அக்கா ஆஸ்பத்திரி 12,000" என்று எழுதியிருந்தது. மாமா அத்தனையையும் கூட்டி, "இவ்வளவு கொடுத்திருக்கேன், இன்னும் என்ன பாக்கி?" என்றார். மருமகன் இன்னொரு பக்கம் உட்கார்ந்து, குடோன் பார்க்கிற ஆளுக்கு என்ன சம்பளமோ அதை மாதக்கணக்கில் பெருக்கி, "இவ்வளவு வரணும்" என்றார். கூட்டலில் இருவருமே தப்புப் பண்ணவில்லை. அக்காவின் ஆஸ்பத்திரிச் செலவுதான் பெரிய சண்டையானது. மாமா தன் அக்காவுக்குச் செய்ததை என் கணக்கில் எப்படி எழுதலாம் என்று மருமகன் கேட்டார். நீ என் கடையில் இல்லாவிட்டால் அந்தப் பணத்தைக் கொடுத்திருப்பேனா என்று மாமா கேட்டார். அந்த வரியை எழுதிய அன்றே யாராவது வாய்விட்டுக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். உங்கள் தங்கை கல்யாணத்துக்கு மாமா கொடுத்த தொகையும் இதே நிலையில்தான் இருக்கிறது. அது தாய்மாமன் சீரா, உங்கள் சம்பளத்தில் கழிக்கவேண்டியதா, திருப்பித் தரவேண்டிய கடனா? நீங்கள் சீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாமா என்ன நினைக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த மாதிரி வரிகளைப் பார்த்துத்தான்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, லாபத்தைப் பகிர்ந்துகொள்வதாக இருவரோ பலரோ ஒப்புக்கொண்டால்தான் கூட்டு. அது ஒப்பந்தத்தில் பிறப்பது, உறவுமுறையில் பிறப்பது இல்லை என்று 5-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மருமகன் என்பதாலோ, கடைச் சாவி உங்களிடம் இருக்கிறது என்பதாலோ, வாடிக்கையாளர்கள் உங்களை முதலாளி என்று கூப்பிடுகிறார்கள் என்பதாலோ நீங்கள் கூட்டாளி ஆகிவிட மாட்டீர்கள். இன்னும் ஒன்று: வேலை பார்ப்பவருக்குச் சம்பளமாக லாபத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தால்கூட, அதை மட்டும் வைத்து அவரைக் கூட்டாளி என்று சொல்ல முடியாது என்கிறது 6-ஆவது பிரிவு. இதுவரை லாபக் கணக்கையே உங்களுக்குக் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இன்றைய நிலையில் கடையில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது என்று சொல்ல அடிப்படை எதையும் நான் பார்க்கவில்லை. வருத்தமான பதில்தான், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு பேசப் போவது நல்லது.

பங்கு இல்லை என்பதால் எதுவுமே இல்லை என்று ஆகாது. வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்பதில்லை. ஆனால் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பதே தெளிவில்லாமல் இருந்தால் அது செல்லாது. அது 29-ஆவது பிரிவு. "பின்னாடி பார்த்துக்கலாம்" அந்தப் பிரிவில்தான் போய் விழும். அதே சட்டத்தின் 70-ஆவது பிரிவு உங்களுக்குக் கொஞ்சம் சாதகமானது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்காக ஒரு வேலையைச் செய்து, அதன் பலனை அந்த இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று அது சொல்கிறது. தினமும் காலையில் கடை திறந்து ராத்திரி கடை சாத்தும்வரை 7 வருடம் இருந்ததை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது. இங்கேதான் சந்தேகத்துக்கு உரிய பகுதி தொடங்குகிறது. சாப்பாடு, துணி, கைச்செலவு, தங்கை கல்யாணம் எல்லாவற்றையும் காட்டி, ஈடு கொடுத்தாகிவிட்டது என்று மாமா தரப்பில் சொன்னால், ஒரு நீதிபதி அதை எப்படி எடைபோடுவார் என்று என்னால் சொல்ல முடியாது. அதற்கு வக்கீலிடம்தான் போகவேண்டும். காலக்கெடு மட்டும் உறுதி. சம்பள பாக்கிக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கொடுப்பது, அந்தச் சம்பளம் சேரவேண்டிய நாளிலிருந்து 3 வருடம். 7 வருடச் சம்பளமும் மாமாவிடம் பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது, எப்போது கேட்டாலும் கிடைக்கும் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

சொந்தத்துக்குள் கொடுத்த வாக்கைக் கோர்ட்டு எப்படிப் பார்த்தது என்பதற்கு இங்கிலாந்தின் இரண்டு பழைய வழக்குகளைச் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் படிப்பார்கள். ஒன்றில் கணவர் பால்ஃபர், இலங்கையில் நீர்ப்பாசனத் துறை அதிகாரி. விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டு அவர் மட்டும் இலங்கைக்குத் திரும்பினார். மனைவி உடல்நலக் காரணமாக இங்கிலாந்திலேயே தங்கினார். மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகக் கணவர் வாக்குக் கொடுத்தார். பிறகு மனத்தாங்கல் வந்தது, மனைவி வழக்குப் போட்டார். 1919-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் கேட்டதைத் தள்ளிவிட்டது. குடும்பத்துக்குள் அன்போடு இருக்கும்போது சொல்லிக்கொள்வதைச் சட்டத்தால் கட்டுப்படும் எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை என்பது காரணம். இன்னொரு வழக்கு 1970-இல் வந்தது. மெரிட் தம்பதி ஏற்கெனவே பிரிந்துவிட்டார்கள். காருக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். மாதம் 40 பவுண்டு தருகிறேன், நீ வீட்டுக் கடனைக் கட்டி முடித்தால் வீட்டை உன் பேருக்கு மாற்றுகிறேன் என்றார் கணவர். மனைவி காரை விட்டு இறங்குவதற்கு முன் அதை எழுதித் தரச் சொன்னார். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் செல்லும் என்று தீர்ப்பானது. அந்த நாட்டுத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது, சூழ்நிலையும் வேறு. ஆனாலும் சுமுகமாக இருக்கும்போது சொன்னதுக்குக் கோர்ட்டில் பலம் குறைவு, எழுதி வாங்கினதுக்குப் பலம் அதிகம் என்பதை என் மேஜையில் நடந்த பஞ்சாயத்துகளிலும் பார்த்திருக்கிறேன்.

பெரிய கம்பெனியில் சேர்ந்திருந்தால் இந்தக் காகிதமெல்லாம் தானாகவே உருவாகியிருக்கும். 20 பேர் வேலை பார்க்கும் இடத்தில் பி.எஃப்., 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி என்று ஏதாவது ஒரு பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கும். உங்களையும் சேர்த்து 7 பேர் இருக்கும் கடையில் இவை எதுவும் கட்டாயம் ஆகாது. அதனால் நீங்கள் அங்கே யார் என்பதற்கு உங்கள் மாமாவின் கணக்குப் புத்தகத்தை விட்டால் வேறு சாட்சி இல்லை.

எனவே மாமாவிடம் பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கடையின் ஆடிட்டர் கணக்கில் உங்கள் பெயர் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல சின்னக் கடைகளில், வேலை பார்க்கும் சொந்தக்காரரின் பெயரில் மாதம் 10,000 அல்லது 15,000 ரூபாய் சம்பளம் என்று செலவு எழுதுகிற வழக்கம் உண்டு. அந்த நபருக்கே அது தெரியாது. அப்படி எழுதியிருந்தால், உங்களை வேலையாள் என்று கடையே வருடாவருடம் வரித்துறைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் பணம் உங்கள் கைக்கு வந்ததா என்பது அடுத்த கேள்வி. அப்புறம், உங்கள் கையெழுத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடையின் பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? ஜி.எஸ்.டி. பதிவில் கையெழுத்து அதிகாரம் உங்கள் பேரில் இருக்கிறதா, ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வருகிறதா? சரக்கு வாங்கினதுக்கு உங்கள் சொந்தச் செக்கைக் கொடுத்திருக்கிறீர்களா? இதை நான் அழுத்திச் சொல்கிறேன். லாபத்தில் பங்கு பேசாமலேயே கடனில் பங்கெடுத்துக்கொண்ட இளைஞர்களைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. ஜாமீன் போட்டவர், கடையை விட்டு வெளியே வந்தாலும் பேங்க் விடுவிக்கும்வரை ஜாமீன்தாரர்தான்.

மாமாவின் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஹார்டுவேர் கடையின் சொத்து கல்லாவில் இருப்பதில்லை. ஆணி, போல்ட், பைப், பெயின்ட் என்று ரேக்கில் இருக்கிறது, மீதி மேஸ்திரிகளும் காண்ட்ராக்டர்களும் தரவேண்டிய பாக்கியில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கடை, ஆனால் ஒரு பெரிய தொகையை ஒரே நாளில் எடுத்துக் கொடுக்க அவரால் முடியாது. "பங்கு" என்று நீங்கள் சொல்லும்போது, சரக்கு இருப்பை எண்ணி, வராத பாக்கியைக் கழித்து, கடைக்கு ஒரு மதிப்புப் போடவேண்டி வருமே என்ற பயம் அவருக்கு வரும். அதைவிடப் பெரிய பயம், அத்தையிடமும் மகனிடமும் என்ன சொல்வது என்பது. உங்களைப் பற்றி அவரிடமும் சொல்லாத எதிர்பார்ப்புகள் நிச்சயம் இருக்கும். தனக்கு அப்புறம் மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது நீங்கள்தான் என்று அவர் நினைத்திருக்கலாம். வெளியே போய் எதிர்க்கடை போட மாட்டீர்கள் என்று நம்பியிருக்கலாம். நீங்கள் உங்களுடையதைக் கேட்கும்போது அவருடையதையும் கேளுங்கள். "என்கிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க மாமா" என்ற ஒரு வரிக்கு, அதுவரை இறுக்கமாக இருந்த ஆள் அரைமணி நேரம் பேசினதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டாளி ஆவதுதான் நல்லது என்றும் முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டாம். நல்ல சம்பளமும், வருட லாபத்தில் ஒரு சதவீதமும் வாங்கும் வேலையாளாக இருப்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு: கடை நட்டமானால் உங்கள் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். கூட்டாளி ஆனால், கூட்டாளியாக இருக்கும் காலத்தில் கடை வாங்கும் கடனுக்கு முழுத் தொகைக்கும் உங்களைத் தனியாகவும் கேட்கலாம். பத்திரத்தில் எழுதாவிட்டால் வேலை பார்ப்பதற்காகக் கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது, லாபநட்டம் சமபங்கு என்று சட்டமே வைத்துக்கொள்ளும். விலகும்போது பொது அறிவிப்பு கொடுக்காவிட்டால் வெளியாருக்கு நீங்கள் இன்னும் கூட்டாளிதான். பத்திரம் எழுதினால் அதைப் பதிவுத்துறையில் பதிந்துவிடுவதும் அவசியம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதியாத கூட்டில் ஒரு கூட்டாளி தன் உரிமைக்காக மற்றவர் மேல் வழக்குப் போவதை, கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்பது போன்ற சில விஷயங்கள் தவிர, கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு தடுக்கிறது. முதல் போட உங்களிடம் பணம் இல்லாததால், என் யோசனை, 2 வருடம் சம்பளமும் லாபத்தில் சதவீதமும், அந்தச் சதவீதத்தில் ஒரு பகுதியைக் கடையிலேயே உங்கள் பெயரில் வரவு வைத்து, பிறகு அதையே முதலாகக் காட்டிப் பங்கு. அவசரமில்லாத பெரியவர்கள் பெரும்பாலும் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள்.

எப்படிக் கேட்பது என்பதில், அம்மா மூலமாகச் சொல்லிவிடாதீர்கள். அம்மா தன் தம்பியிடம் கண்கலங்கிக் கேட்பார். மாமா அக்காவுக்காக அன்றைக்கு ஒரு தொகையை எடுத்துக் கொடுப்பார். உங்கள் இடம் பழையபடி தொங்கிக்கொண்டிருக்கும். வேலை ஆட்கள் முன்னாலும், மகன் பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். ஒரு சண்டை நடந்த மறுநாள் நிச்சயமாக வேண்டாம். இரண்டு நாள் முன்னாடியே, "மாமா, என் விஷயமா ஒரு மணி நேரம் பேசணும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரட்டுமா" என்று சொல்லிவிடுங்கள். திடீரென்று கேட்டால் யாருக்கும் வாயில் வருவது "பார்த்துக்கலாம்" தான். உட்கார்ந்ததும் நன்றியைச் சொல்லுங்கள், தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர். பிறகு சுற்றிவளைக்காமல், "எனக்கு 29 ஆகுது மாமா. கடையில நான் சம்பள ஆளா, பங்காளியான்னு எனக்கே சொல்லத் தெரியல. உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி நான் ஏற்பாடு பண்ணிக்குவேன். பங்கு இல்லைன்னாலும் வருத்தப்பட மாட்டேன், தெரியாம இருக்கிறதுதான் கஷ்டமா இருக்கு" என்று கேளுங்கள். கடைசி வாக்கியத்தை உண்மையாகவே நினைத்துச் சொல்லவேண்டும். "இல்லை" என்று சொல்ல அவருக்கு வழி இருந்தால்தான், அவர் சொல்லும் "சரி"க்கு மதிப்பு.

அவர் யோசிக்க நேரம் கேட்டால் கொடுங்கள், ஆனால் ஒரு தேதி வாங்குங்கள். "ஆயுத பூஜைக்குள்ள சொல்லிடுங்க மாமா" என்றால் போதும். பேசி முடிவானதை அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதி அனுப்புங்கள்: "மாமா, இன்னைக்குப் பேசினபடி இந்த மாசத்திலிருந்து சம்பளம் இவ்வளவு, வருஷக் கணக்கு முடிஞ்சதும் லாபத்தில் இத்தனை சதவீதம். நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க." இதைப் பத்திரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவரும் கோபப்பட மாட்டார். ஆனால் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டோமா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். தங்கை கல்யாணப் பணத்தையும் அதே உட்காரலில் கேட்டுவிடுங்கள். "சீரா வச்சுக்கட்டுமா, கணக்குல எழுதட்டுமா" என்று நேராகவே கேட்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அந்த உட்காரலில் எடுக்கவே கூடாது. அது கல்யாணம். மாமா மகளோடு உங்கள் கல்யாணம் நம் வழக்கத்தில் உள்ளதுதான், இந்து திருமணச் சட்டமும் வழக்கத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் பங்குப் பேச்சும் கல்யாணப் பேச்சும் ஒரே மூச்சில் வந்தால், திருமணத்தை ஒட்டிக் கேட்கும் சொத்து என்ற கணக்கில் அது போய்ச் சேரும். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ அப்படிக் கேட்பதையும் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. 7 வருட உழைப்புக்கு நியாயமாகக் கேட்பது, வரதட்சணை கேட்டதாக மாறிவிடக் கூடாது. அதைவிட முக்கியம் அந்தப் பெண். உங்கள் நீண்ட கேள்வியில் மாமா என்ன நினைக்கிறார், அத்தை என்ன நினைக்கிறார், அம்மா என்ன சொல்கிறார் எல்லாம் இருக்கிறது. அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. பெரியவர்கள் தொட்டிலில் பேசியது அவரைக் கட்டுப்படுத்தாது, உங்களையும் கட்டுப்படுத்தாது. அவருக்கு விருப்பம் உண்டா என்று அவரிடமே, தயக்கமில்லாமல் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய விதத்தில் கேளுங்கள். விருப்பம் இல்லை என்றால் அந்தப் பேச்சை மாமா வீட்டில் நீங்களே முடித்துவைப்பது அவருக்குச் செய்யும் பெரிய உதவி. விருப்பம் உண்டு என்றால், கடை விஷயம் எழுத்தில் முடிந்த பிறகு கல்யாணம் பேசுங்கள். நெருங்கிய ரத்த உறவு என்பதால் அதற்குமுன் மரபணு ஆலோசனை தரும் மருத்துவர் ஒருவரையும் இருவரும் பார்ப்பது நல்லது.

உறவு கெடுமா என்று கேட்டீர்கள். கெடாது என்று உத்தரவாதம் தர எனக்கு மனம் வரவில்லை. கேட்ட பிறகு சில மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, பிறகு முன்பைவிட நெருக்கமானவர்களையும் பார்த்திருக்கிறேன், கேட்டதோடு வாசல்படி மிதிப்பதே நின்றுபோன வீடுகளையும் பார்த்திருக்கிறேன். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் ஒரு கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ பத்துப் பேர் முன்னால் கொட்டித் தீர்த்ததைப் பார்த்திருப்பதால், நீங்கள் அமைதியாக இருக்கும் இந்த நேரத்திலேயே கேட்டுவிடுங்கள் என்கிறேன்.

தேதி தாண்டியும் பதில் வராமல் போனால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் கோபத்தில் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வரவேண்டாம். இன்னார் பொறுப்புக்கு வருகிறார் என்று சரக்குக் கணக்கை, பாக்கி நோட்டை ஒப்படைத்து, ஜாமீன் இருந்தால் பேங்கிலிருந்து விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, ஜி.எஸ்.டி. பதிவில் உங்கள் பெயரை மாற்றச் சொல்லி, 7 வருடம் கடையைப் பார்த்துக்கொண்டதற்கு ஒரு அனுபவக் கடிதம் வாங்கிக்கொண்டு வாருங்கள். மேஸ்திரிகளையும் காண்ட்ராக்டர்களையும் பேர் சொல்லித் தெரிந்த, சைஸ் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிற ஆளுக்கு எந்த ஊரிலும் வேலை இருக்கிறது. 3 வருடத்துக்கு உட்பட்ட பாக்கியைக் கேட்பதா விடுவதா என்பதை வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு நிதானமாக முடிவு செய்யலாம்.

பேச்சு எப்படிப் போனாலும், இந்த மாதத்திலிருந்து உங்களுக்கு வரும் பணம் பேங்க் கணக்கில் வரட்டும். "செலவுக்கு ஏதாவது" என்று கல்லாவிலிருந்து வாங்குவதை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு தேதியில் ஒரே தொகையாகப் போட்டுவிடச் சொல்லுங்கள். ஆடிட்டர் கணக்கில் உங்கள் பெயர் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதினால், மாமாவிடம் கொண்டுபோகும் அளவுக்கு ஒரு பக்கத்தில் ஒரு வரைவு தயாரித்துத் தருகிறேன்.